டிராக்டருக்கு மூன்று கை தந்த குடியானவர் மகன்

உங்கள் வீட்டுக் களத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ டிராக்டர் நின்றால், ஒரு நிமிடம் அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கீழே இடதும் வலதுமாக இரண்டு கைகள். மேலே நடுவில், திருகினால் நீளவும் குறையவும் செய்கிற ஒரு கை. கீழே இருப்பவற்றை லோயர் லிங்க் என்றும், மேலே இருப்பதை டாப் லிங்க் என்றும் டிரைவர்கள் சொல்வார்கள். ஒன்பது கொத்துக் கலப்பை, சட்டிக் கலப்பை, ரோட்டவேட்டர், விதைப்புக் கருவி என எதை மாட்டினாலும் இந்த மூன்று இடத்தில்தான் பின் போடுகிறோம். டிராக்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அமைப்பு இதுதான்.

கருவியைத் தூக்கவும் இறக்கவும் வசதியாக இதைச் செய்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அதற்கும் மேலாக, ஓட்டுகிற ஆளின் உயிரைக் காக்கிற வேலையும் இதற்கு உண்டு. இதை உருவாக்கிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். கார் என்றால் உயிரை விடுவார். 1884 நவம்பர் 4இல் பிறந்து, 1960 அக்டோபர் 25இல் மறைந்தார். நம் கணக்கில் பிறந்ததும் ஐப்பசி, மறைந்ததும் ஐப்பசி. டெல்டாவில் தாளடிக்குச் சேற்றுழவும், மானாவாரி நிலங்களில் விதைப்பும் நடக்கிற மாதம். டிராக்டர் அதிகமாகச் சேற்றில் மாட்டிக்கொள்கிற மாதமும் இதுதான். அவரை நினைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

வண்டி மேல் பைத்தியம்

வடக்கு அயர்லாந்தில் டவுன் மாவட்டம், டிரோமோர் ஊருக்குப் பக்கத்தில் குரோவெல் என்ற சிற்றூர். அங்கே சுமார் நூறு ஏக்கர் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில், பதினொரு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார் ஃபெர்குசன். தகப்பனார் கண்டிப்பானவர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பண்ணை வேலைக்கு வந்தாக வேண்டியிருந்தது. குதிரை பூட்டி உழுவது, மூட்டை தூக்குவது, கல் பொறுக்குவது என்று விடிந்தது முதல் அடைகிற வரை வேலை. பையனுக்கோ சிறிய உடம்பு. பண்ணைப் பாடு அவருக்கு ஒத்துவரவில்லை.

ஊரை விட்டுக் கனடாவுக்குப் போய்விடலாம் என்று முடிவுகட்டியிருந்த நேரத்தில், 1902இல், அண்ணன் ஜோ கைகொடுத்தார். ஜோ, பெல்ஃபாஸ்ட் நகரில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அங்கே வேலை கற்கப் போன தம்பிக்கு, என்ஜினைப் பிரித்து மாட்டுகிற வேலை கைவந்தது. வாடிக்கையாளர்களின் வண்டிகளைச் செவ்வையாக டியூன் செய்து தருகிறவர் என்று பெயர் எடுத்தார். மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் கார்ப் பந்தயத்திலும் ஓட்டினார்.

அதோடு நிற்கவில்லை. ஆகாய விமானம் என்று ஒன்று வந்திருப்பது தெரிந்ததும், தானே ஒன்றைக் கட்டினார். 1909 டிசம்பர் 31ஆம் தேதி, ஹில்ஸ்பரோவில் சுமார் 130 கஜ தூரம் பறந்தார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் ஆள் அவர்தான். மறு ஆண்டு நியூகாசில் கடற்கரையில் மூன்று மைல் பறந்து 100 பவுண்டு பரிசும் வாங்கினார்.

1911இல் பெல்ஃபாஸ்டில் சொந்தமாகப் பட்டறை தொடங்கினார். 1913இல் டிரோமோரைச் சேர்ந்த மொரீன் வாட்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களுக்கு பெட்டி என்று ஒரே மகள். பட்டறை வளர்ந்தது. கார் விற்றார், பழுது பார்த்தார். கார், பந்தயம், குடும்பம் என்று அவர் வாழ்க்கை அப்படியே போயிருக்கலாம். அப்போது முதல் உலகப் போர் வந்தது.

போர் அனுப்பிய வேலை

ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் தானியக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். உள்ளூரிலேயே கூடுதல் நிலத்தை உழுது விதைத்தால்தான் சோறு என்ற நிலை. உழவுக்கு டிராக்டர்களை இறக்கினார்கள். அவற்றைச் சரியாக ஓட வைக்கிற பொறுப்பை, 1917இல் அயர்லாந்து வேளாண் துறை ஃபெர்குசனிடம் ஒப்படைத்தது. அவர் ஏற்கெனவே டிராக்டர் விற்றவர். தன் பட்டறையின் கைதேர்ந்த மெக்கானிக் வில்லி சாண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக, பண்ணை பண்ணையாகப் போனார்.

எந்தப் பாட்டிலிருந்து தப்பித்து நகரத்துக்குப் போனாரோ, அந்த வயலுக்கே திரும்பி வந்து நின்றார். இந்த முறை மெக்கானிக்கின் கண்ணோடு பார்த்தார். அவர் கண்ட குறை இதுதான்: குதிரைக்குப் பின்னால் கட்டி இழுத்த கலப்பையை, அப்படியே டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டி இழுத்தார்கள். சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டும் என்பதற்காக டிராக்டரைப் பெரும் எடையாகச் செய்தார்கள். அந்த எடை, மண்ணை இறுக்கியது, எரிபொருளைக் குடித்தது, வரப்போரத்தில் திரும்ப இடம் கேட்டது. இவற்றையெல்லாம் விட மோசமான ஒன்றும் இருந்தது.

பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கும்

மாட்டுவண்டியில் பின்பாரம் அதிகமானால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுகத்தடி மேலே தூக்கும். டிராக்டரிலும் அதே கதைதான்; வேகம் மட்டும் பல மடங்கு.

இழுவையில் போகிற கலப்பை, மண்ணுக்குள் இருக்கும் பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலப்பை நகராது. பின்சக்கரத்துக்கு நல்ல பிடிப்பு இருந்தால் அதுவும் சுழல முடியாது. என்ஜின் மட்டும் விடாமல் முறுக்கும். சக்கரம் சுற்ற முடியாதபோது, அந்த முறுக்கு டிராக்டரின் உடம்பையே பின்சக்கர அச்சைச் சுற்றித் தூக்கிவிடும். முன்சக்கரம் எழும்பி, டிராக்டர் மல்லாந்து, ஓட்டுபவர் மேலேயே விழும். ஒன்றிரண்டு வினாடிக்குள் முடிந்துவிடுகிற காரியம். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு உறைப்பதற்குள் எல்லாம் நடந்திருக்கும்.

1917 முதல் மலிவு விலையில் பெருவாரியாக விற்ற ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இந்த ஆபத்து பேர்போனதாக இருந்தது. குடும்பத்தின் பாட்டைக் குறைக்க வந்த இயந்திரம், குடும்பத் தலைவனையே கொண்டுபோவது எந்த ஊர் நியாயம்? கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடம்பாக இணைத்தால்தான் இது தீரும் என்று ஃபெர்குசனும் சாண்ட்ஸும் இன்னொரு உதவியாளரான ஆர்ச்சி கிரியரும் வேலையில் இறங்கினார்கள். செய்வதும், வயலில் ஓட்டிப் பார்ப்பதும், கலைத்துவிட்டு மறுபடி செய்வதுமாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போயின.

மூன்று கைகள் செய்கிற வேலை

கடைசியில் கிடைத்த விடைதான் நாம் தினமும் பார்க்கிற மூன்று கைகளும், அவற்றை இயக்குகிற ஹைட்ராலிக் அமைப்பும்.

கீழ்க்கைகள் இரண்டும் கலப்பையை இழுக்கின்றன. கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது அதன் மேல்பகுதி முன்னால் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வை டாப் லிங்க் தாங்கி, டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல், எழும்பப் பார்க்கிற முன்பக்கத்தைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. கலப்பை பாறையில் மாட்டினால் இந்த அழுத்தம் இன்னும் கூடுமே தவிரக் குறையாது. அதனால் டிராக்டர் மல்லாக்க விழுவதற்குப் பதிலாக, சக்கரம் வெறுமனே சுழலும் அல்லது என்ஜின் நின்றுவிடும். ஆள் பிழைத்துக்கொள்வார்.

இரண்டாவது நன்மை இழுவையில். கலப்பையின் எடையும், மண் அதைக் கீழே இழுக்கிற விசையும் சேர்ந்து பின்சக்கரத்தின் மேல் இறங்குகின்றன. எவ்வளவு கடினமான மண்ணோ அவ்வளவு பிடிப்பு. ஆகவே டிராக்டர் கனமாக இருக்க வேண்டியதில்லை. ஃபெர்குசனின் புகழ்பெற்ற டி.இ.20 டிராக்டர் ஏறத்தாழ 1,100 கிலோ எடைதான்.

மூன்றாவது, ஆழக் கட்டுப்பாடு. கெட்டி மண் வந்து கலப்பை திணறினால், டாப் லிங்க் ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். அது ஹைட்ராலிக் வால்வைத் திறந்து கலப்பையைச் சற்றே தூக்கிவிடும். மண் இளகியதும் கலப்பை மறுபடி இறங்கும். டிராக்டரில் டிராஃப்ட் கன்ட்ரோல் என்று ஒரு லிவர் இருக்கிறதே, அதன் வேலை இதுதான்.

இந்த அமைப்போடு 1936இல் டேவிட் பிரவுன் நிறுவனத்துடன் சேர்ந்து முதல் டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விற்பனை சுமார்தான், ஏறத்தாழ 1,350 வண்டிகள். ஆனால் வயலில் அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஒரு சின்ன இடத்தைக் கயிறு கட்டி வளைத்து, அதற்குள் டிராக்டரை ஓட்டி, மூலை முடுக்கு விடாமல் உழுது, சக்கரத் தடம்கூடத் தெரியாமல் வெளியே வருவது அவருடைய செயல் விளக்கம். நூறு பேச்சு பேசுவதைவிட, கண் முன்னால் உழுது காட்டுவதை அவர் நம்பினார்.

கை குலுக்கி முடித்த ஒப்பந்தம்

1938 அக்டோபரில், அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டின் தோட்டத்திலேயே உழுது காட்டினார். ஃபோர்டும் குடியானவர் மகன்தான். பார்த்ததும் புரிந்துகொண்டார். டிராக்டரை ஃபோர்டு செய்வது, ஃபெர்குசன் விற்பது என்று இருவரும் பேசி, பத்திரம் எதுவும் எழுதாமல் கை குலுக்கிக்கொண்டார்கள். அந்த வாக்கின் பேரில் 1939 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் வெளிவந்தன.

பெரியவர் ஃபோர்டு நிர்வாகத்தை விட்டு விலகியதும், பொறுப்புக்கு வந்த பேரன் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். ஆனால் டிராக்டரில் ஃபெர்குசனின் அமைப்பு தொடர்ந்தது. ஃபெர்குசன் 1948இல் வழக்குப் போட்டார். நான்கு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1952இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. வாய்ச் சொல்லை நம்பித் தொழில் செய்கிற நமக்கும் இதில் பாடம் உண்டு. இரண்டு பெரியவர்களுக்கு இடையே நம்பிக்கை இருந்தாலும், அடுத்த தலைமுறைக்கு ஒரு காகிதம் வேண்டும்.

அதற்குள் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், 1946 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் அவருக்காக டி.இ.20 டிராக்டரைச் செய்யத் தொடங்கியிருந்தது. பத்தே ஆண்டில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. சாம்பல் நிறத்தில் சின்னதாக இருக்கும் அந்த டிராக்டரைத்தான், எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி குழுவினர் பட்டைச் சங்கிலி மாட்டி ஓட்டிக்கொண்டு 1958 ஜனவரி 4இல் தென் துருவத்தை அடைந்தார்கள். வண்டியோடு தரப்பட்ட ஸ்பேனரில் அங்குலக் கோடுகள் போட்டிருந்தார் ஃபெர்குசன். அதே ஸ்பேனரால் முடுக்கவும் செய்யலாம், உழவு ஆழத்தை அளக்கவும் செய்யலாம். வயலில் நிற்பவருக்கு என்ன தேவை என்று தெரிந்தவர் செய்த வேலை. ஸ்டோன்லி என்ற இடத்தில் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் நடத்தினார். இயந்திரத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, ஓட்டவும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கொள்கை.

கடைசி வரை கார்

1953இல் தன் தொழிலை மாஸ்ஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். அடுத்த ஆண்டே விலகியும் விட்டார். இந்த இணைப்பிலிருந்து வந்ததுதான் மாஸ்ஸி ஃபெர்குசன் என்ற பெயர். அவர் மறைந்த அதே 1960ஆம் ஆண்டில், மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் கிராமங்களில் ‘மாஸ்ஸி’ என்று கூப்பிடுகிற சிவப்பு டிராக்டருக்கும் குரோவெல் பண்ணைக்கும் உள்ள உறவு இது.

டிராக்டர் தொழிலை விட்ட பிறகு, இங்கிலாந்தின் ஸ்டோ ஆன் த வோல்ட் ஊருக்குப் பக்கத்தில், அபாட்ஸ்வுட் என்ற கிராமப்புறப் பண்ணை வீட்டில் இருந்துகொண்டு, மறுபடி காருக்கே திரும்பினார். இந்த முறை அவர் கேட்ட கேள்வியும் உயிரைப் பற்றியதுதான்: ஈரச் சாலையில் கார் ஏன் வழுக்க வேண்டும்? நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தால், பிரேக் பூட்டிக்கொள்ளாமல் செய்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள்? இந்த ஆராய்ச்சியில் உருவான நான்கு சக்கர இழுவைப் பந்தயக் கார், 1961இல் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்டி ஓல்டன் பார்க்கில் தங்கக் கோப்பையை வென்றது. 1966இல் வந்த ஜென்சன் எஃப்.எஃப். காரில் நான்கு சக்கர இழுவையும், சக்கரம் பூட்டாத பிரேக்கும் சேர்ந்தே இருந்தன. இரண்டையும் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அவர் ஊர்க்காரர்கள் அவரை மறக்கவில்லை. வடக்கு அயர்லாந்தின் வங்கி ஒன்று தன் 20 பவுண்டு நோட்டில் அவர் படத்தைப் போட்டது.

நாம் செய்கிற தவறு

இப்போது நம் வயலுக்கு வருவோம். அவர் இருபது ஆண்டு பாடுபட்டு நீக்கிய ஆபத்தை, ஒரு சங்கிலியை மாட்டி நாமே திரும்பக் கூட்டி வருகிறோம். மூன்று கைகளில் முறையாக மாட்டிய கருவியோடு உழும் வரைதான் அந்தப் பாதுகாப்பு. டிரெய்லர் இழுக்கும்போதும், மரக்கட்டை இழுக்கும்போதும், சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும்போதும் டிராக்டர் 1917ஆம் ஆண்டு டிராக்டர்தான். அதனால் இவற்றை மனதில் வையுங்கள்.

எதை இழுத்தாலும் டிராபாரில், அதாவது பின் அச்சுக்குக் கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, அச்சின் மேலோ சங்கிலி, கயிறு கட்டி இழுக்கவே கூடாது. இழுக்கும் இடம் உயர உயர, முன்சக்கரம் தூக்குவது எளிதாகிவிடும்.

கரும்பு பாரம் ஏற்றிய டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கினால், அது கடைசி எச்சரிக்கை. பாரத்தைக் குறையுங்கள். கம்பெனி தருகிற முன் எடைகளை மாட்டுங்கள். எடைக்காக முன்பக்கம் ஆளை உட்கார வைக்காதீர்கள்.

சேற்றில் பின்சக்கரமோ கேஜ் வீலோ புதைந்தால், சக்கரத்தோடு கட்டையைச் சேர்த்துக் கட்டி முன்னால் ஓட்டும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. சக்கரம் சுற்ற முடியாமல் போனால் டிராக்டர்தான் சுற்றும். கட்டையைக் கட்டாதீர்கள். கருவியைக் கழற்றி, சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி, ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். முடியவில்லை என்றால் வேறு டிராக்டரைக் கொண்டு இழுங்கள்.

மழை ஊறிய வாய்க்கால் கரையை ஒட்டி ஓட்டாதீர்கள். செங்குத்தான கரையில் ஏறியே ஆக வேண்டும் என்றால் ரிவர்ஸில் ஏறுங்கள். இறங்கும்போது முன்பக்கமாக, சின்ன கியரில் இறங்குங்கள். ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடல்களையும் கொண்டி போட்டு இணைத்துவிடுங்கள்.

டிராக்டரில் உருளும்போது காக்கும் கம்பிச் சட்டம் இருந்தால், கொட்டகைக்குள் நுழையவில்லை என்று கழற்றிப் போடாதீர்கள். சீட் பெல்ட்டையும் போட்டுக்கொண்டால்தான் அந்தச் சட்டத்தால் பயன். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுவதை விட்டுவிடுங்கள்.

உழவுக் கலப்பைக்கு டிராஃப்ட் கன்ட்ரோல், ரோட்டவேட்டருக்கு பொசிஷன் கன்ட்ரோல் என்பதை டிரைவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பழைய கருவி வாங்கும்போது பின் அளவைப் பாருங்கள். ஒன்றாம் வகையில் கீழ்ப் பின் சுமார் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19 மில்லிமீட்டர்; இரண்டாம் வகையில் 28, 25 மில்லிமீட்டர். பின் பொருந்தவில்லை என்று கம்பியை வளைத்துப் போட்டு ஓட்டினால், நடு உழவில் அறுந்து போகும்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊரில் இயந்திர செயல் விளக்கம் நடத்தும்போது, பத்து நிமிடத்தை இந்த மூன்று கைகளுக்கு ஒதுக்குங்கள். டாப் லிங்க் ஏன் இருக்கிறது என்று டிரைவர்களையே கேளுங்கள். பிறகு உழுது காட்டுங்கள். ஃபெர்குசனும் அப்படித்தான் செய்தார்.

நாளைக் காலை சாவியைப் போடுவதற்கு முன், டிராக்டரைச் சுற்றி ஒரு நடை நடந்து, எது எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். உழவு முடிந்து நீங்கள் வீடு திரும்ப வேண்டும் என்றுதான் அந்த மூன்று கைகளும் அங்கே இருக்கின்றன.